பழைய போனுக்கு ஒரு முழு நாள்

மாணவத் தம்பி தங்கைகள் பிளக் பாயின்ட் இருக்கும் சுவரோரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த நூலக அரங்கில் இலக்கியம் பேசுவார்கள், வரலாறு பேசுவார்கள். இன்று நான் பேச வந்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய போனின் பேட்டரியைப் பற்றி. இதற்கெல்லாமா ஒரு சொற்பொழிவு என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் புக் செய்யப் போன் வேண்டும். பேங்க் ஓ.டி.பி. வரப் போன் வேண்டும். நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போன் வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவல் வரப் போன் வேண்டும். டீக்கடையில் காசு கொடுக்கவும் போன் வேண்டும். அந்தப் போன் மத்தியானம் மூன்று மணிக்கு அணைந்துபோனால் என்ன ஆகும்? கடையில் நினைத்த நேரம் புதுப் போன் வாங்கக்கூடியவருக்கு அது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். ஐயாயிரம், ஆறாயிரம் சேர்த்து வைத்து, யாரோ ஒருவர் கழித்துவிட்ட போனை வாங்கியவருக்கு அது அன்றைய பிழைப்பு. அந்த இரண்டாமவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சார்ஜ் நிற்கவில்லை என்பதற்காகப் போன் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அதற்குள் இருக்கிற ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது. தேய்வதற்கென்றே இருக்கிற பாகம் அது. அதை மாற்றலாம். மாற்றும் வரைக்கும் அதைப் பக்குவமாக ஓட்டலாம். மாற்றத்தான் வேண்டுமா, வேண்டாமா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கவும் செய்யலாம்.

முதலில், அந்தப் பாகம் ஏன் தேய்கிறது?

நம் போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர் அவர்தான். அந்த மூவர் தந்த பேட்டரிக்குள் நடப்பது இதுதான். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிராஃபைட் இருக்கும் மறுபக்கம் போகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. போவதும் வருவதும், போவதும் வருவதும். ஒவ்வொரு நடையிலும் மிகமிகக் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. தங்கியது திரும்பாது. படலம் தடிக்கத் தடிக்க, மிச்சம் இருக்கிற லித்தியமும் சுலபமாக நடமாட முடியாது.

மொட்டைமாடியில் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் அடியில் சேறு படிந்தால் எழுநூறு லிட்டர்தான் பிடிக்கும். அது ஒரு குறை. அதோடு இறங்கும் குழாயிலும் காறை பிடித்திருந்தால்? தொட்டியில் தண்ணீர் இருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் வரும். இரண்டு மூன்று குழாய்களைச் சேர்த்துத் திறந்தால் நூலாகத்தான் ஒழுகும். அது இரண்டாவது குறை. பழைய பேட்டரிக்கு இந்த இரண்டு குறையும் உண்டு. பிடிப்பதும் குறையும், கொடுப்பதும் குறையும்.

இந்த இரண்டாவது குறையைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. "முப்பது பர்சன்ட் காட்டுது சார், கேமராவத் திறந்த உடனே டப்புனு அணைஞ்சிடுது" என்று சொல்வார்கள். சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து ரீசெட் அடித்துப் பார்ப்பார்கள், படங்களும் போய்விடும். உண்மையில் பேட்டரிக்குள் சார்ஜ் இருக்கிறது. கேமரா, ஃப்ளாஷ், திரை மூன்றும் ஒரே நொடியில் கேட்கிற கரண்டை அதனால் தள்ள முடியவில்லை. வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. அணைந்த போனை மறுபடி போட்டால் இருபத்தைந்து பர்சன்ட் காட்டும். இந்த அறிகுறி இருந்தால் வேறு வைத்தியம் பார்க்க வேண்டாம். பேட்டரியின் காலம் முடிந்தது.

உலகத்தில் பெரிய வழக்காகவே இது வெடித்தது. பழைய ஐபோன்கள் இப்படித் திடீர் திடீரென்று அணைவதைத் தடுக்க, ஆப்பிள் நிறுவனம் சாஃப்ட்வேர் வழியாக அந்தப் போன்களின் வேகத்தைக் குறைத்தது. வாங்கியவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர்களே கண்டுபிடித்தார்கள். எப்படி? மந்தமாகிப் போன போனில் புதுப் பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பி வந்தது! 2017 டிசம்பரில் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசின் நுகர்வோர் துறை 250 லட்சம் யூரோ அபராதம் போட்டது. போன் ஸ்லோவாகிவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பேட்டரி மட்டும்தானே?

சரி, செகண்ட் ஹேண்ட் போனுக்கு வருவோம். பேட்டரியின் வயதை வருஷத்தில் மட்டும் எண்ண முடியாது, சார்ஜ் சுற்றிலும் எண்ண வேண்டும். நூறு பர்சன்ட் செலவானால் ஒரு சுற்று. இன்று ஐம்பது, நாளை ஐம்பது செலவானாலும் சேர்ந்து ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றுக்குப் பிறகு எண்பது பர்சன்ட் கொள்ளளவு மிஞ்சும் என்பதுதான் ஆப்பிள் சொல்கிற கணக்கு. ஐபோன் 15-இலிருந்து அதை 1000 சுற்று என்கிறார்கள். தினமும் ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை வருஷம்கூட ஆகாது. முதலில் வாங்கியவர் இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டுத்தான் விற்கிறார். ஆகவே செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் கையில் வரும்போதே பேட்டரியின் நல்ல பருவம் முடிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பேரம் பேசும்போதே புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் போனில் பேட்டரி தேய்ந்திருக்கிறதா, அல்லது சார்ஜ் எங்கேயோ வீணாகப் போகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு வேறு.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரவு படுக்கும்போது சார்ஜ் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் பாருங்கள். இரண்டு மூன்று பர்சன்ட் இறங்கியிருந்தால் நல்லது. மறுநாள் இரவு வழக்கம்போல டேட்டாவோடு விட்டுவிட்டுத் தூங்குங்கள். அன்று பதினைந்து, இருபது என்று இறங்கியிருந்தால், திருடன் போனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஆப், அல்லது டவர். ஏரோபிளேன் மோடிலேயே சரசரவென்று இறங்கியிருந்தால் அது பேட்டரி, இல்லையென்றால் போர்டு. சர்வீஸ் கடைக்குப் போகத்தான் வேண்டும். ஐபோனில் 2018 முதல் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சில புதிய போன்கள் மட்டுமே காட்டும். மற்றவர்கள் அக்குபேட்டரி போன்ற ஒரு ஆப்பைச் சில நாள் வைத்து, அது கணக்கிட்டுச் சொல்லும் கொள்ளளவைப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

சார்ஜ் வீணாகப் போகும் கதையை ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு உணவு டெலிவரி கொண்டுவரும் ஒரு தம்பி. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் அவர் போன் படுத்துவிடும். "அடுத்த ஆர்டர் எடுக்க முடியல சார், லாகின் போயிடுது, இன்சென்டிவும் போயிடுது" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். கை சுட்டது. கறுப்பு ரப்பர் கவர். ஹேண்டில்பாரில் மாட்டிய ஹோல்டரில் வெயிலைப் பார்த்தபடி காலையிலிருந்து நிற்கிறது. வெயிலில் திரை தெரிய வேண்டுமே என்று பிரைட்னஸ் உச்சத்தில். இரண்டு சிம். ஒன்று வேலைக்கு. இன்னொன்று ரீசார்ஜ் முடிந்து, ஆனாலும் எடுக்காமல் உள்ளே. லொகேஷன் கேட்கும் ஆப்கள் ஏழெட்டு. அதில் எப்போதோ ஒரு கூப்பனுக்காக ஏற்றிய ஷாப்பிங் ஆப்களும் உண்டு.

நிழலில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். டெலிவரி ஆப்புக்கும் மேப்புக்கும் மட்டும் லொகேஷன். மற்றவற்றுக்கு அனுமதி ரத்து. உபயோகமில்லாத ஆப்களை நீக்கியாயிற்று. இரண்டாவது சிம்மை அணைத்தோம். நெட்வொர்க்கை 5ஜி-யிலிருந்து 4ஜி-க்கு மாற்றினோம். அவர் சுற்றும் பகுதியில் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தது. கவரைக் கழற்றச் சொன்னேன். வழி தெரிந்த தெருக்களில் திரையை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். அடுத்த வாரம் பார்த்தபோது, "நாலு நாலரை வரைக்கும் வருது சார்" என்றார். முழு நாளுக்கு இன்னும் எட்டவில்லை. மீதிக்குக் காரணம் பேட்டரியின் தேய்மானம். அதைப் பிறகு மாற்றினார்.

அந்தச் சிம் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சிம்முக்கும் டவர் வேண்டும். டவர் கிடைக்கவில்லை என்று நாம் சொல்கிறோமே, அந்த நேரத்தில் போன் என்ன செய்கிறது? சும்மா இருக்கிறதா? இல்லை. டவரைத் தேடித் தேடி அலைகிறது. தூரத்து டவர் கிடைத்தால், அதுவரை எட்டும்படி தன் ரேடியோவின் சக்தியைக் கூட்டுகிறது. பேசாமல் பையில் கிடக்கும்போதும் சார்ஜ் இறங்கும். மலையோரக் கிராமங்களில், பேஸ்மென்ட் கடைகளில், ஓடும் ரயிலில் போன் சீக்கிரம் தீர்ந்துபோவது இதனால்தான். அங்கே அழைப்பு எதுவும் எதிர்பார்க்காத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதில் ஓட்டுங்கள்.

திரைக்கு வருகிறேன். டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓலெட் திரைக்கு மட்டும்தான் அது உண்மை. அங்கே கறுப்புப் புள்ளி என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. எல்.சி.டி. திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். குறைந்த விலையில் வாங்கும் பழைய போன்களில் பெரும்பாலும் எல்.சி.டி.தான். ஓலெட்டிலும்கூட, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் அளந்து பார்த்தவர்கள் சொன்னது என்ன? முழு பிரைட்னஸில் டார்க் மோட் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கிறது. 30 முதல் 50 சதவீத பிரைட்னஸில் வைத்திருந்தால் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். ஆகவே நிறத்தை மாற்றுவதற்கு முன்னால் வெளிச்சத்தைக் குறையுங்கள். 90, 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 60-க்கு இறக்குங்கள். பாதி வெற்றி அங்கேயே இருக்கிறது.

ஆப்களை மேலே தள்ளித் தள்ளி மூடுவதால் பயன் உண்டா? தினமும் திறக்கிற வாட்ஸ்அப்பை மூடினால், அது மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டியிருக்கும். செலவு கூடுமே தவிரக் குறையாது. பேட்டரி பூஸ்டர், கிளீனர் என்று வரும் ஆப்களை ஏற்றாதீர்கள். அவை காட்டும் விளம்பரமே சார்ஜைத் தின்னும். மாதம் ஒருமுறை சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும் என்பதும் நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரி அடியோடு காலியாவதை விரும்பாது. உச்சத்தில் நிற்பதையும் விரும்பாது. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருப்பது அதற்குச் சுகம். எண்பதில் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெப்பம். நம் ஊருக்கு இது வேண்டிய அளவு உண்டு. முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் போனைப் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிளின் குறிப்பு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே நாற்பதைத் தாண்டுகிறது. வெளி வெப்பத்தைத் தடுக்க நம்மால் முடியாது. நாமாகச் சேர்க்கும் வெப்பத்தைத் தடுக்கலாம் அல்லவா? சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் ஆடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். கார் கண்ணாடிக்குப் பின்னால் விட்டுப் போகாதீர்கள். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது, உள்ளே ஈரம் வியர்க்கும்.

இவ்வளவு செய்தும் நாள் ஓடவில்லையா? பேட்டரியை மாற்றுங்கள்.

ஒரு காலத்தில் இது நகத்தால் செய்கிற வேலை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியதே, அந்தக் காலத்து பட்டன் போன்களை நினைத்துப் பாருங்கள். பின்மூடியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். பி.எல்.5சி என்று கேட்டால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இன்றைய போனில் பின்பக்கத்தை ஒட்டிவிட்டார்கள். சர்வீஸ் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மெக்கானிக் போனைச் சூடான தகட்டின் மேல் வைத்துப் பசையை இளக்குகிறார். கண்ணாடி மெல்லக் கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி ஓரமாகச் சுற்றி வருகிறார். பேட்டரி கனெக்டரைத்தான் முதலில் கழற்றுகிறார். பிறகு ஸ்பிரிட் சொட்டுச் சொட்டாக விட்டு, பேட்டரிக்கு அடியில் இருக்கும் பசை விடும்வரை காத்திருக்கிறார். "அவசரப்பட்டு இரும்பால நெம்பினா பேட்டரி ஓட்டையாயிடும்ணே, பத்திக்கும்" என்றார். அந்தப் பொறுமை உள்ள கைக்குக் கூலி கொடுக்கலாம். யூடியூப் பார்த்து வீட்டில் நெம்ப வேண்டாம்.

கடையில் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாடல் எண் பழைய பேட்டரியோடு ஒத்துப்போகிறதா? பி.ஐ.எஸ். தர முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா? தயாரித்த தேதி என்ன? விற்காமல் பெட்டியில் கிடந்தாலும் லித்தியம் பேட்டரிக்கு வயது ஏறும். மூன்று நான்கு வருஷம் கிடந்த 'ஒரிஜினல்' பேட்டரியைவிட, சமீபத்தில் தயாரான நல்ல கம்பெனிப் பேட்டரி மேல். பழையதில் 4000 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருக்கும்போது, அதே அளவுள்ள புதியதில் 6000 என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அதே இடத்துக்குள் அவ்வளவு அடங்காது. மாற்றிய பிறகு போனின் தண்ணீர்த் தடுப்பு பழையபடி இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

பேட்டரி மாற்றுவதை நம் திறமைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் எண்பது சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கக் கருவிகளின் பேட்டரியைச் சாதாரண மனிதரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற பொது விதி வருகிறது. நீண்ட நாள் உழைக்கும் போன்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும் திசை சரியான திசை. பழைய போன்களால் கோடிக்கணக்கான பேருக்கு வேலை நடக்கிற நம் நாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டாமா? நாம் ஏன் கேட்கக் கூடாது?

இன்னும் ஒன்று. பழைய போன் வாங்கும்போது ஸ்டார் ஹேஷ் சைபர் ஆறு ஹேஷ் போட்டு வரும் பதினைந்து இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தை முன்னால் வைத்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். திருட்டுப் போனாக முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பிறகு போனைச் சமமான மேஜையில் மல்லாக்க வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரமாகச் சுற்றினால் முதுகு உப்பியிருக்கிறது, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கேமரா மேடிருக்கும் போனில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே திரையோரம் இடைவெளி விட்டிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பேட்டரிக் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016-இல் சாம்சங் திரும்பப் பெற்ற கேலக்ஸி நோட் 7 சாட்சி. புத்தம் புதிய போன்களே தீப்பிடித்தன. விமானத்தில் அதை ஏற்றவே தடை போட்டார்கள்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மாற்றிய கடையிலேயே கொடுங்கள், அல்லது மின்கழிவு வாங்குகிற இடத்தில் சேருங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

இனி கேள்விகளுக்கு நேரம். போனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள், செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து சேர்ந்தே பார்ப்போம். பின்பக்கம் உப்பிய போன் யாரிடமாவது இருந்தால் அவர் முதலில் வரட்டும். சுவரோரத்தில் அப்படி ஒன்று சார்ஜில் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள், தம்பி.